மூன்று மணிக் கட்டில்

தான் அறுபட்ட செய்தி அந்த மரத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை. மலையில் கடைசியாக விழுந்த மரம் அது. மரமில்லில் வேலை பார்த்த ரம்பக்காரர் அதைப் பலகையாக்கி, இழைத்து, கட்டிலாகச் செய்து வீட்டில் போட்ட பிறகும், கிடைத்த ஈரத்தை இழுத்து ஆவியாக விட்டுப் பிற்பகல் மூன்று மணிக்கு மழையாக்கும் வேலையை அது விடவில்லை. முறம் அகலத்துக்கு ஒரு மேகம் கூரைக்குக் கீழே கூடும். அரைமணி நேரம் பெய்யும். காடு நின்றவரை இதையே லட்சம் மரங்கள் சேர்ந்து செய்தன. மூன்று மணிக்கு ஊரில் குடை விரிக்காத ஆளில்லை. பதினோரு ஆண்டுகளில் மில் மலையை மொட்டையடித்தது. ரம்பக்காரரும் சளைக்காமல் அறுத்தார். பிறகு மேகங்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, கிணறுகள் கையை விரித்தன, மில்லும் பூட்டிக்கொண்டு போனது.

கட்டில் மழையை முதலில் ரம்பக்காரரின் மனைவி தன் வீட்டுக்கு மட்டும்தான் பிடித்தாள். நாலாம் வீட்டுக் குழந்தை நாக்கு வறண்டு அழுததும் கதவைத் திறந்துவிட்டாள். அப்புறம் கேட்க வேண்டுமா? தெருவே குடத்தோடு வரிசையில் நின்றது. முந்தப் பார்த்தவர்களைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒரு முறை முறைத்து அடக்கினாள். கொல்லைக் கிணற்றில் மிச்சமிருந்த ஈரமும் வற்றிய பின்னும் மேகம் சிறுக்கவில்லை. ஏனென்று யாரும் யோசிக்கவில்லை. ரம்பக்காரர் மட்டும் கவனித்தார். மனைவியின் வளையல் முழங்கைவரை ஏறியது. வியர்வை நின்றது, அழுதால் கண்ணீர் வரவில்லை. அக்கா வீட்டில் அவள் தங்கிய இரண்டு நாளும் கட்டில்மேல் ஒரு துளி விழவில்லை. திரும்பி வந்தவள் நேராகக் கட்டிலில் போய் உட்கார்ந்தபோது, அவர் ரம்பத்தை எடுத்துவந்தார்.

“எந்திரி. இத நாலு துண்டாப் போட்டாத்தான் எனக்கு நிம்மதி.”

“போட்டுட்டு, வரிசையில நிக்கிற பிள்ளைங்களுக்கு என்னங்க சொல்வீங்க?”

“எவன் எக்கேடு கெட்டா எனக்கென்ன? எனக்கு நீ வேணும்டி.”

“அறுத்ததெல்லாம் போதாதா? ரம்பத்தக் கீழ வைங்க.”

வைத்துவிட்டார். வைத்ததற்காகத் தன்னை அவர் மன்னிக்கவே இல்லை.

அதிலிருந்து ஐந்தாம் மாதம், ஒரு வியாழக்கிழமை, மழை ஓய்ந்தபோது கட்டிலில் அவளுடைய சேலை மட்டும் நனைந்து கிடந்தது. அன்று கால்மணி நேரம் கூடுதலாகப் பெய்ததாகக் குடம் பிடித்தவர்கள் சொன்னார்கள். ரம்பக்காரர் அந்தச் சேலையைப் பிழிய விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, அது தானாகக் காயும்வரை வாய்விட்டு அழுதார்.

மறுநாள் மூன்று மணிக்கு, வாசலில் குடங்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டு, போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்.