சிங்கம் வராத விபத்து

என் குரலை ஒருவன் திருடிவிட்டான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒருமுறை நான் தும்மியதில் நாற்சந்தி சிக்னல் நான்கும் பயந்து சிவப்பாகிவிட்டன. அப்படிப்பட்ட குரலை எவன்தான் விட்டுவைப்பான்? தங்கையின் தையல் கடைக்கு நான் பேசிக்கொடுத்த விளம்பர வீடியோவிலிருந்து எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டு, என்னைப் போலவே பேச வைத்திருக்கிறான்.

தங்கை பல வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்துக்கு அன்றுதான் எம்பிராய்டரி மெஷின் வாங்குவதாக இருந்தாள். அந்த நேரம் பார்த்துப் புது நம்பரிலிருந்து போன்.

"தங்கச்சி, அண்ணன் பேசறேன். லாரி இடிச்சிருச்சு. பணம் கட்டினாத்தான் ஆபரேஷனாம். அக்கவுண்ட் நம்பர் அனுப்பியிருக்கேன், உடனே போடு."

கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டாள். பணம் அனுப்பும் பட்டன் வரை விரலும் போய்விட்டது. அழுதுகொண்டே கேட்டாள்.

"எப்படிண்ணே இடிச்சுது?"

"பின்னாலேர்ந்து."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, விழுந்துட்டேன்."

அவள் அழுகை நின்றுவிட்டது. லாரி பறக்கவில்லை. சிங்கம் வரவில்லை. சைக்கிளில் செயின் கழன்றதையே அவளுக்கு நான் ஒரு மத்தியானம் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். சர்க்கஸிலிருந்து தப்பிவந்த சிங்கம்தான் அதை மாட்டிக்கொடுத்தது. நடந்ததைச் சொல்லாமல் எப்படி?

"எங்கண்ணன் செத்துப்போனாக்கூட அதை இவ்வளவு சுருக்கமாச் சொல்லமாட்டாரு. வைடா போனை!"

அடுத்து எனக்கு போன் அடித்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்து சைபர் கிரைம் போலீசுக்கு. அந்தக் கணக்கை அன்றே முடக்கினார்கள். ஏமாந்துபோன வேறு பலரின் பணமும் அதில்தான் கிடந்தது. அதை வைத்தே ஆளையும் அமுக்கிவிட்டார்கள்.

வாக்குமூலம் எழுதிய இன்ஸ்பெக்டரம்மா சொன்னார்: "அடுத்தவங்க மாதிரி பேசி ஏமாத்தறதுக்குச் சட்டத்துல தனிப் பிரிவே இருக்கும்மா, தப்பிக்க முடியாது. ஆனா கோர்ட்டுல கேப்பாங்க. குரல் அச்சு அசலா இருந்தும், அண்ணன் இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அவன் பேசினது நிஜம் மாதிரியே இருந்துச்சு மேடம். எங்கண்ணன் பேசினா அப்படி இருக்காது."

அந்தம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்து சட்டைப் பித்தான் ஒன்று தெறித்து, மின்விசிறியில் பட்டு, அது நின்றுபோனது.

மெஷின் வந்துவிட்டது. முதல் வேலையாக என் சட்டைப் பையில் ஒரு சிங்கம் போட்டுக்கொடுத்தாள். பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: "என் தங்கச்சி போட்டது. திருடனைப் பிடிச்சுக் குடுத்தாளே, அவதான்." நான் எதையும் கூட்டிச் சொல்வதில்லை. சிங்கம்தான், லாரியைக் கண்டால் லேசாக உறுமுகிறது.