மத்தியானச் சங்கு

வால்வுச் சக்கரத்தின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுச் சம்பங்கி அதன்மேல் கையை வைத்தாள். சித்திரை வெயிலில் இரும்பு தொட முடியாமல் கொதித்தது. தண்ணீர்த்தொட்டி இருந்த மேட்டில் நின்றால் இரண்டு பக்கமும் தெரியும். மேற்கே தங்க வயலின் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள், தகரக் கூரைகள், தெருக்குழாய்களைச் சுற்றி பிளாஸ்டிக் குடங்கள். அதற்கும் அப்பால் நின்றுபோன மைன்ஸின் உயரமான இரும்புச் சக்கரம். கிழக்கே முத்தனஹள்ளியின் மல்பெரித் தோட்டங்கள். நிழல் எப்போதோ கால் தாண்டிச் சாய்ந்துவிட்டது. சங்கு இன்னும் ஊதவில்லை.

போர்க்கிணறு முத்தனஹள்ளிப் பஞ்சாயத்து நிலத்தில் இருந்தது. மோட்டாரும் குழாயும் நகரசபையுடையவை. தண்ணீர் வைத்திருந்தவர்களுக்கு அதை மேலே ஏற்ற வழியில்லை, ஏற்ற முடிந்தவர்களிடம் தண்ணீர் இல்லை. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி, காலையில் லைன்களுக்கு, மைன்ஸின் மத்தியானச் சங்கு ஊதியதும் வயலுக்கு என்று எழுதிக்கொண்டார்கள். கடிகாரம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. சோறு வடிப்பதும் பிள்ளைகளைத் தேடுவதும்கூடச் சங்கை வைத்துத்தான். அது ஒருநாள் நிற்கும் என்று யார் நினைத்தார்கள்? வால்வைத் திருப்ப இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஓர் ஆள் வேண்டியிருந்தது. புருஷனை இழந்து நின்ற சம்பங்கிக்கு அந்த வேலை கிடைத்தது.

மாசியில் மைன்ஸை மூடினார்கள். மூடிய மறுநாள், இனி எதைக் கேட்டுத் திருப்புவது என்று தெரியாமல்தான் அவள் மேடு ஏறினாள். சக்கரத்தில் கை வைத்தபடி நின்றபோது சங்கு ஊதியது. அடித்தொண்டையில் தொடங்கி மேலே ஏறி, நடுவில் ஒரு கணம் அறுந்து, மறுபடி எழுந்து நீண்டு அடங்கியது. கை தானாகச் சக்கரத்தைத் திருப்பிவிட்டது. அந்த அறுபடும் இடம் அவள் புருஷன் கோவிந்தனுடையது. கம்ப்ரஸர் ஹவுஸில் சங்குச் சங்கிலியை இழுத்தவன் அவன். சுரங்கத்துக்குள் இருந்த காலத்தில் நெஞ்சில் சேர்ந்த தூசு, இழுக்கும்போதெல்லாம் இருமலாக வந்து கையைத் தளர்த்திவிடும். அவன் செத்தபிறகு இழுத்தவர்களின் சங்கு எங்கும் அறுபடாமல் ஒரே நீளமாக வந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும். நாளாக ஆக, முகம் கழுவித் தலைவாரிக்கொண்டு மேடு ஏறினாள். குழாயடியில் லைன் வீட்டுப் பாப்பம்மா சும்மா விடவில்லை.

"இன்னாடி, வால்வு தொறக்கப் போறியா, பொண்ணு பாக்க வராங்களா? கையில வாட்ச்சு கூட இல்ல, கரெக்டா எங்க தண்ணிய மட்டும் நிறுத்திப்புடறே. சங்குதான் செத்துப்போச்சே, உனக்கு யாரு வந்து காதுல ஊதுறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சம்பங்கி குனிந்துகொண்டே போனாள். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றிப் பேச வந்த அதிகாரிகளும் எப்படி நேரம் தெரிகிறது என்று கேட்டார்கள். "பழக்கம் சார்" என்றாள். அவர்களுக்கு அது போதுமாயிருந்தது. மைன்ஸ் மூடியபின் இரண்டு தரப்புக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். ஒரு முறை தவறினால் குழாயைத் தோண்டிப் போடுவோம் என்றது முத்தனஹள்ளி. மோட்டாரைக் கழற்றுவோம் என்றது நகரசபை. அவள் வால்வைத் திருப்பும் நேரத்தில் மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.

இன்று காற்றுகூட இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றதில், தன் ரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது.

கிழக்குச் சரிவில் ராஜப்பா ஏறி வந்தார். முத்தனஹள்ளி விவசாயி, பஞ்சாயத்து மெம்பர். தோளில் மண்வெட்டி. திட்டத்தான் வருகிறார் என்று நினைத்துச் சம்பங்கி ஒதுங்கினாள்.

"ஏனம்மா, இன்னும் திருப்பலையா?"

"இல்லீங்க கௌடரே. இன்னும் கொஞ்சம்."

"கரண்ட் போய்டும்மா. பட்டுப்புழு கடைசித் தீனில கீது. செடி வெயில்ல தொங்கிக்கினு நிக்குது. இன்னிக்கு தண்ணி உடலன்னா எங்க ஆளுங்க கடப்பாரையோட வந்துடுவாங்க."

சொன்னாரே தவிர அவசரப்படுத்தவில்லை. தொட்டியின் சுவரில் உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மைன்ஸ் பக்கமே பார்த்தார். பிறகு, பக்கத்தில் யாரோ தூங்குவதுபோலத் தணிந்த குரலில் சொன்னார்.

"எனக்கும் கேக்கலம்மா."

"இன்னா கேக்கல?"

"நடுவுல ஒரு விக்கல் விக்கிக்கினு வருமே, அது. தெனம் அதக் கேட்டுத்தான் மடை வெட்ட எறங்குவேன். ஊட்ல சொன்னா வேப்பில அடிப்பாங்கன்னு சொல்லல."

சம்பங்கிக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். தனக்கு மட்டும் என்று நினைத்திருந்ததை இந்த மனிதர் தோட்டத்தில் நின்று தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதன் பிறகுதான் வெயிலிலும் முதுகு சில்லிட்டது.

"அது அவருதான் கௌடரே."

"தெரியும். கோவிந்தன் போனப்புறம் அந்த விக்கல் நின்னுபோச்சே. மூடினதும் திரும்பி வந்துச்சு."

சம்பங்கி சக்கரத்தையே பார்த்தாள். சங்கு ஊதாமல் திருப்பினால், இனி நீ வர வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவனிடம் சொன்னதாகும். அவன் ரோஷக்காரன். ஒரு வார்த்தைக்கு மூன்று நாள் சாப்பிடாமல் படுத்துக்கொள்பவன். திருப்பாவிட்டால் அந்தப் பக்கம் புழு சாகும், இந்தப் பக்கம் நாளை குழாய் இருக்காது.

"நீங்க திருப்புங்களேன்" என்றாள்.

"நான் தொட்டா உங்க லைன்காரங்க என் கைய வெட்டுவாங்க. லைன்ல ஒருத்தர் தொட்டா எங்காளுங்க சும்மா உடுவாங்களா? நீதாம்மா ரெண்டு பேருக்கும்."

சம்பங்கி சக்கரத்தைப் பிடித்தாள். துணி காய்ந்து இரும்போடு ஒட்டியிருந்தது. கடைசியாக ஒருமுறை மேற்கே பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாள். அடியில் குழாய் முனகிற்று. கிழக்குக் கால்வாயில் தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு பாயும் ஓசை கேட்டது. ராஜப்பா எழுந்தார். ஆனால் கீழே இறங்கவில்லை.

தெருக்குழாய்கள் சொட்டி நின்றிருக்கும். இப்போது பாப்பம்மாவின் வசவு மேடுவரைக்கும் கேட்க வேண்டும். கேட்கவில்லை. சம்பங்கி கண்ணைத் திறந்து லைன்களைப் பார்த்தாள்.

குழாயடியில் குடங்கள் எப்போதோ நிரம்பி வழிந்திருந்தன. ஒரு செம்புத் தண்ணீருக்கு மயிரைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் தெருவில் தண்ணீர் பளபளவென்று பரவிக் கிடந்தது. யாரும் குனியவில்லை. பெண்கள் அத்தனை பேரும் ஈரத்தில் கால் நனைய அசையாமல் நின்றார்கள். பாப்பம்மா முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டிருந்தாள். எல்லா முகங்களும், வராத சங்குக்குக் காது கொடுத்தபடி, மைன்ஸ் பக்கமே திரும்பியிருந்தன.