வீரய்யா வீட்டில் குப்பை இல்லை

வீரய்யா வீட்டுச் சவுக்காரத்துக்கு வயது இருபத்தாறு. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தேய்ந்து நகம்போல் ஆகிவிட்ட துண்டை அவர் வீசியதே கிடையாது. புதுக் கட்டியின் முதுகில் ஈரத்தோடு ஒட்டி அழுத்திவிடுவார். மகள் ஜெயந்தினியின் தொட்டில் துணியைத் துவைத்த சவுக்காரத்தில் ஒரு துளி இன்றைக்கும் அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

றொசல்லைக்குப் பக்கத்துத் தோட்டத்தில், மேல் லயத்து வரிசையின் கடைசி வீட்டில் அவரும் மனைவி காளியாயியும் குடியிருந்தார்கள். தோட்டத்து வேலையிலிருந்து இருவரும் ஓய்வு பெற்றாயிற்று. வீரய்யாவின் சிக்கனம் மட்டும் ஓய்வு பெறவில்லை. சோறு ஒரு கொதி வந்ததும் பானையை இறக்கி, பழைய கம்பளியில் சுற்றிக் கட்டிலில் படுக்க வைப்பார். மிச்ச வேக்காட்டை அது தூக்கத்திலேயே முடித்துக்கொள்ளும். தீக்குச்சியை பிளேடால் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார். ஒருமுறை மூன்றாகப் பிளந்தார். அது கொஞ்சம் அதிகம்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இதையெல்லாம் காளியாயி முப்பது வருசமாகச் சகித்தாள். சகிக்க முடியாமல் போனது பீலி. மலைத்தண்ணீர் குழாயில் வந்து விழும் அந்த இடம் சரிவுக்குக் கீழே இருந்தது. குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாத் தண்ணீரும் அங்கிருந்து அவள் இடுப்பில்தான் ஏறி வந்தது. போன மழைக்கு முன்பு அவள் முழங்கால் வீங்கியது.

"கூரைத் தண்ணியப் புடிக்க ஒரு டேங்க் வாங்குங்க" என்றாள்.

"ஏறி எறங்குனா ஒடம்புக்கு நல்லதுன்னு டொக்டர்மாரு காசு வாங்கிக்கிட்டுச் சொல்றாங்க. ஒனக்கு அது சும்மா கெடைக்குது" என்றார் வீரய்யா.

காளியாயி குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். இரண்டு சேலையைப் பையில் திணித்தாள். "தண்ணி வாசலுக்கு வர்ற அன்னைக்கு நானும் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, நோர்வூட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

குடத்தை நிமிர்த்தியவர் வீரய்யா. அன்றைக்குத்தான் படிகளை எண்ணினார். எண்பத்து நான்கு. அவள் சுமந்த காலமெல்லாம் முப்பது, முப்பத்தைந்து இருக்கும் என்றுதான் நினைத்திருந்தார். முதல் வாரம் குளிப்பதைக் குறைத்தார். இரண்டாம் வாரம் தேத்தண்ணீரைக் குறைத்தார். மூன்றாம் வாரம் நோர்வூட்டுக்கு மிஸ்ட் கோல் கொடுத்தார். அங்கிருந்து யாரும் திருப்பி எடுக்கவில்லை. மறுநாள் காசு செலவழித்தே பேசினார்.

"தண்ணி வந்துருச்சா?" என்றாள் காளியாயி.

"இல்ல."

"அப்ப வைக்கிறேன்."

கடையில் டேங்கின் விலையைக் கேட்டார். கேட்டதோடு சரி.

அந்தச் சமயத்தில்தான் நுவரெலியாவிலிருந்து ஒரு சுற்றாடல் சங்கம் தோட்டத்துக்கு வந்தது. குப்பையைக் குறைத்துச் சிக்கனமாக வாழும் போட்டி. இந்த மாதக் குப்பையை எடை போடுவார்கள், அடுத்த மாதக் குப்பையையும் எடை போடுவார்கள். யார் வீட்டில் அதிகம் குறைகிறதோ அவர்களுக்குப் பரிசு: ஆயிரம் லீற்றர் டேங்க், கூரை விளிம்புக்குப் பீலித்தகரம், குழாய் எல்லாம் சேர்த்து. வீரய்யாவுக்குச் சிரிப்பு வந்தது. சிக்கனத்துக்குப் போட்டி வைத்தால் அவருடன் ஓட ஆள் ஏது? காளியாயிக்கு அன்றைக்கே மிஸ்ட் கோல் கொடுத்தார்.

எடை போட வந்தவள் கிருஷாந்தி. சங்கத்தில் வேலை பார்க்கும் படித்த பெண். தராசுக் கொக்கியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "ஐயா, ஒங்க வீட்டு ஒரு மாசக் குப்பை?" என்றாள்.

வீரய்யா ஒரு தீப்பெட்டியை நீட்டினார். உள்ளே தீர்ந்துபோன டோர்ச் பட்டரி ஒன்று இருந்தது. கொடுத்தவர், மறுபடி யோசித்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். "வெயில்ல வச்சா இன்னும் ரெண்டு நாளு எரியும், மிஸ்."

முள் அசையவில்லை.

"பூச்சியத்துல இருந்து எப்பிடிங்க ஐயா கொறைப்பீங்க?"

"நான்தான் முன்னாடியே கொறைச்சிட்டேனே."

"முன்னாடி கொறைச்சது சேராதுங்க. கொறைக்கிறதுக்கு மொதல்ல கூட இருக்கணும்." அவளுக்கே சங்கடமாகிவிட்டது. "பதினோரு நாள் கழிச்சு, ஞாயித்துக்கெழம திரும்ப வர்றேன். எல்லா வீட்டுக்கும் அன்னைக்குப் போடுற எடைதான் கணக்கு. அதுக்குள்ள கொஞ்சம்..." என்றவள், ஒரு சுற்றாடல் சங்கத்து ஆள் சொல்லக்கூடாத வார்த்தை வருவதை உணர்ந்து நிறுத்திக்கொண்டாள்.

குப்பை சேர்ப்பது எப்படி என்று வீரய்யாவுக்குத் தெரியவில்லை. பழக்கமில்லாத வேலை. பக்கத்து வீட்டுக் கஜேந்திரனிடம் போனார். சந்தியில் போன் கடை வைத்திருக்கிறவன். அவன் வீட்டுக்குத் தோட்டத்துக் குழாய் உள்ளேயே வருகிறது. வாரம் ஒரு மூட்டை வீசுகிற குடும்பம்.

"போன வாரம் கேட்டிருந்தா வண்டி வச்சு ஏத்தி விட்டிருப்பேன், மாமா" என்றான் கஜேந்திரன். "இப்ப அது போட்டிச் சாமான். நாப்பத்தோரு கிலோ. கதவப் பூட்டித்தான் கடைக்கே போறேன்."

"ஒரு அஞ்சு கிலோ கடனாக் குடேன். எடை முடிஞ்சதும் அப்பிடியே திருப்பித் தர்றேன்."

"நீங்க திருப்பித் தரமாட்டீங்க, மாமா. எடுத்து என்னமாச்சும் செஞ்சு வச்சிருவீங்க."

கஜேந்திரன் மட்டுமில்லை, எல்லா வீட்டிலும் இதே கதைதான். லயத்துக்குப் பின்னால் நாற்பது வருசமாகக் கிடந்த குப்பைமேடு மூன்றே நாளில் வீடுகளுக்குள் குடிபோனது. பின்பக்கம் கோயில் பிரகாரம் மாதிரி ஆயிற்று. வழக்கமாக அங்கே மேய்ந்த நாய்கள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏழும் வரிசையாக அடுத்த தோட்டத்துக்கு மாறிப் போயின.

வீரய்யா ஹட்டனுக்குப் போனார். பஜாரில் சுப்பிரமணியம் முதலாளியின் பலசரக்குக் கடை. விசயத்தைச் சொன்னார்.

"குப்பைதானே வேணும்? அள்ளிக்கிட்டுப் போ" என்றார் முதலாளி. "பத்து வருசமா கடைக்கு வர்றே. ஒரு சாமான இவ்வளவு ஆசையா நீ கேட்டு நான் பாத்ததில்ல."

மூன்று மூட்டை, முப்பது கிலோ கிடைத்தது. மேற்கொண்டு, எலுமிச்சை ஊறுகாய் வந்து இறங்கிய நீலப் பீப்பாய் ஒன்றும் கிடைத்தது. மூடி உடைந்திருந்தது. பஸ் கண்டக்டர் பீப்பாய்க்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். காசு கொடுத்த பிறகு விடுவாரா வீரய்யா? பீப்பாயை ஜன்னலோரம் உட்கார வைத்து, றொசல்லை வரைக்கும் தான் நின்றுகொண்டே வந்தார். நடுவில் ஏறிய ஒரு அம்மா அதை எழுப்பப் பார்த்தாள். டிக்கெட்டைக் காட்டினார்.

முப்பது கிலோவும் வீட்டுக்குள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அவற்றைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

முதல் நாள் மூட்டையைச் சும்மா பிரித்துப் பார்த்தார். மேலாக ஒரு நைலோன் கயிறு கிடந்தது. நல்ல கயிறு. அதை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒரு கயிற்றில் என்ன எடை குறைந்துவிடப் போகிறது? அடுத்த நாள் குளிர் அதிகமாக இருந்தது. அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக் கூரைத் தகரத்துக்கு அடியில் வரிசையாகச் செருகினார். பிஸ்கட் டின்களில் கறிமிளகாய் நாற்று ஏறியது. ஐந்தாம் நாள் தண்ணீர்ப் போத்தல்களைப் பார்த்தார். அடியை வெட்டி ஒன்றின் வாயை இன்னொன்றின் வயிற்றில் செருகினால் குழாய் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. எங்கே வரைக்கும் போகிறது பார்ப்போம் என்று மேற்பக்கத்தை பிளேடால் கிழித்து, கூரை விளிம்பில் கயிற்றால் கட்டினார். அறுபத்திரண்டு போத்தலில் அது பீப்பாயின் வாய்க்கு வந்து நின்றது. கடைசியில் வெறும் மூட்டைகள் மிஞ்சின. அவற்றைத் தைத்து வாசலில் கால்மிதியாகப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மிதியில் காலைத் துடைத்துக்கொண்டு கிருஷாந்தி உள்ளே வந்தாள். கொக்கியை உயர்த்திப் பிடித்தாள். அப்போதுதான் வீரய்யாவுக்கு உறைத்தது.

"முப்பது கிலோ கொண்டாந்தேன், மிஸ்" என்றார். "எங்க போச்சின்னு தெரியல."

மறுபடியும் பூச்சியம். டேங்க் போயிற்று. வீரய்யா கட்டிலில் உட்கார்ந்து, கம்பளிக்குள் கிடந்த சோற்றுப் பானையின் மேல் கையை வைத்துக்கொண்டார். வீட்டில் சூடாக இருந்தது அது ஒன்றுதான். கிருஷாந்தி அவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பிறகு வெளியே போய், போத்தல் குழாயையும் பீப்பாயையும் நான்கு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தாள். அந்த வாரமே அது சங்கத்தின் பேஸ்புக் பக்கத்தில் வந்தது. எங்கள் பயிற்சியின் பலன் என்று கீழே எழுதியிருந்தார்கள்.

அடுத்த மாதம் கஜேந்திரன் ஜெயித்தான். நாற்பத்தொரு கிலோ ஒரே கிலோவாகக் குறைந்திருந்தது. மிச்ச நாற்பது எங்கே போனது என்று சங்கம் கேட்கவில்லை. போட்டி விதியில் அப்படி ஒரு கேள்வி இல்லை. அட்டை, பொலித்தீன், வெள்ளை நுரைத்தகடான ரெஜிபோம் என்று மூன்று சட்டை போட்டுக்கொண்டு டேங்க் வந்து இறங்கியது. குழாய்த் தண்ணீர் இருக்கிற வீட்டில் அதற்கு வேலை இல்லை. கஜேந்திரன் பக்கவாட்டில் கதவு வெட்டிக் கோழி அடைத்தான்.

ஆனால் நோர்வூட்டில் ஜெயந்தினி அந்தப் போட்டோவைப் பார்த்திருந்தாள், அம்மாவிடமும் காட்டியிருந்தாள். ஒரு சனிக்கிழமை, மழை விட்ட பிறகு, காளியாயி பையோடு வாசலில் நின்றாள். பீப்பாய் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஒரு கை அள்ளி வாயில் விட்டாள்.

"என்னங்க, தண்ணி ஊறுகா மாதிரி இருக்கு?"

"ரசம் வச்சுப் பாரு. புளியே வேண்டியதில்ல."

வைத்தாள். உண்மையாகவே வேண்டியதில்லை. அதைக் காளியாயி வாய்விட்டுச் சொல்லவில்லை. பையிலிருந்த சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். வீரய்யாவுக்கு அது போதுமாயிருந்தது.

மறுநாள் அவள் இரண்டு மாதத்து அழுக்கை எல்லாம் துவைத்தாள், தரையைக் கழுவினாள், இருபத்தாறு வயதுச் சவுக்காரத்தால் தாராளமாகத் தலை முழுகினாள். மத்தியானத்துக்குள் பீப்பாயின் அடி தெரிந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை.

"முடிஞ்சிருச்சி" என்று குடத்தை நீட்டினாள். "ஏறி எறங்குனா ஒடம்புக்கு நல்லதாம். போய்ட்டு வாங்க."

வீரய்யா குடத்தை வாங்கிக்கொண்டு எண்பத்து நான்கு படி இறங்கினார். பீலிக்குச் சற்றுக் கீழே ஓடையில், கல்லிடுக்கில் என்னவோ மின்னியது. எட்டிப் பார்த்தார். போத்தல்கள். கஜேந்திரனின் நாற்பது கிலோவும் அங்கே தங்கியிருந்தது. அதற்கு மேலாக, நல்ல அகலமான பெயின்ட் வாளி ஒன்று, சேதமில்லாமல்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் மேலே வந்தார். தலையில் வாளி. குடம் நிறையப் போத்தல். காளியாயி குடத்தை எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி எங்கங்க?"

"வந்துக்கிட்டு இருக்கு" என்றார் வீரய்யா, பிளேடைத் தேடிக்கொண்டே.