பக்கம் பூரா நாங்கள்

குண்டூசி அப்பான்னு சொன்னா அந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும். சொந்தப் பேரு என்னன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. பொண்ணு பொறந்தப்ப அவ்வளவு பொடிசா இருந்தா, அதனால அவ குண்டூசி. அவளைத் தூக்கிக்கிட்டு வருஷக்கணக்கா மாடி ஏறி இறங்கினதால இவன் குண்டூசி அப்பா. பொண்டாட்டி எலும்பு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறவ. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம். கைக்குழந்தைய யாரு பாக்கறதுன்னு பேச்சு வந்தப்ப இவன் வேலைய விட்டான். குடிதண்ணி சோதிக்கிற லேப்ல ஆறு வருஷம் இருந்தவன். இன்னமும் யாரு வீட்டுல தண்ணி குடுத்தாலும் கண்ணாடி டம்ளரை வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுதான் குடிப்பான். குடுத்தவங்க முகம் சுருங்கிப்போகும், அது வேற கதை.

இந்த வருஷம் குண்டூசி ஒண்ணாங்கிளாஸ். எட்டரைக்குக் கொண்டுபோய் விட்டா மூணு மணி வரைக்கும் வீடு வெறிச்சோடிக் கெடக்கும். அப்பதான் பழைய லேப் மேனேஜர் போன் பண்ணாரு. யுனிவர்சிட்டியில தண்ணியப் பத்தியே ரெண்டு வருஷ மேல்படிப்பாம், வாரத்துல மூணு நாள் சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் வகுப்பாம். விண்ணப்பம் போட வெள்ளிக்கிழமை அஞ்சு மணிதான் கடைசின்னாரு.

அவ்வளவுதான், மண்டைக்குள்ள வண்டு புகுந்துடுச்சு. அக்காவுக்கு போன் போட்டான்.

"பொண்ணு ஒண்ணாங்கிளாஸ், அப்பன் எம்.எஸ்.சி.யா? ரெண்டு பேருக்கும் ஒரே கடையில பை வாங்கிடுடா"ன்னு சிரிச்சா அக்கா. "போறதுன்னா போ, இல்லன்னா விடு. மதில் மேல பூனையா உக்காந்துக்கிட்டு தெனம் எனக்கு போன் பண்ணாத."

விண்ணப்பத்துல ஒரு கேள்வி. இந்தப் படிப்பில் ஏன் சேர விரும்புகிறீர்கள், ஒரு பக்கத்தில் எழுதவும். வியாழக்கிழமை காலையில உக்காந்து எழுதி பொண்டாட்டிக்கு அனுப்பினான். அவ சாப்பாட்டு நேரத்துல படிச்சுட்டுக் கூப்பிட்டா.

"யாருய்யா இந்த நாங்கள்?"

"எந்த நாங்கள்?"

"பக்கம் பூரா இருக்கே. எண்ணிட்டேன், பதினேழு. 'நாங்கள் வேதியியலில் பட்டம் பெற்றோம்'ங்கற. நான் எப்பய்யா வேதியியல் படிச்சேன்? குண்டூசி படிச்சாளா?"

அவனைச் சொல்லியும் குத்தமில்ல. வருஷக்கணக்கா வாயில அதே பேச்சுதான். நாம பல்லு தேச்சாச்சா? நமக்கு மூக்கு ஒழுகுதே! நாம தூங்கலாமா? ஒரு தடவை டாக்டர் யாருக்குக் காய்ச்சல்னு கேக்க, "எங்களுக்கு"ன்னான். டாக்டர் மறுபேச்சு பேசாம தெர்மாமீட்டரை இவன் வாயில வெச்சுட்டாரு. குண்டூசி அதுக்கு ரெண்டு நாள் சிரிச்சா.

சரி, மாத்திட்டாப் போச்சுன்னு கம்ப்யூட்டர்ல ஒரே தட்டுல எல்லா நாங்களையும் நான்னு மாத்தினான். தலை மாறுச்சு, வால் மாறல. 'நான் பட்டம் பெற்றோம்'னு நிக்குது. ஒவ்வொரு வரியா வாலைத் திருத்திக்கிட்டே வந்தான். 'நான் வேலையை விட்டோம்'கிற எடத்துல கை நின்னுச்சு. யாரு கேட்டாலும் "நாங்க வேலைய விட்டோம்"னுதான் இத்தனை நாளும் சொல்லியிருக்கான். பேசி முடிவு பண்ணது ரெண்டு பேரு, சரி. விட்டது? ஒருத்தன்தான். 'விட்டேன்'னு போட்டான். கோவமெல்லாம் வரல. லேப்ல வந்த முடிவை அப்படியே தாள்ல ஏத்தற மாதிரி ஏத்திட்டு அடுத்த வரிக்குப் போனான்.

கடைசி வரி, 'நான் படிக்க விரும்புகிறோம்.' அதுலதான் சிக்கினான். விரும்புகிறேன்னு போட்டா அது அவன் ஒருத்தனோட ஆசை. அந்த ஆசைக்காக குண்டூசி மூணு நாள் ஸ்கூல்லயே, லேட்டாப் போற பிள்ளைங்க ரூம்ல ஆறு மணி வரைக்கும் உக்காந்திருக்கணும். அப்புறம் அவ அழுதா, பாதி பழிய எடுத்துக்க 'நாங்க'ல வேற ஆள் கிடையாது.

அன்னிக்கு சாயங்காலம் பொண்டாட்டி பைய வெச்சதும் கேட்டா, "அனுப்பிட்டியா?"

"இல்ல. நீ என்ன நெனைக்கற?"

"மூச்சைப் பிடிங்கன்னா பேஷண்ட் பிடிப்பாங்க, விடுங்கன்னா விட்டுடுவாங்க. நீ வாரம் பூரா பிடிச்சுக்கிட்டே நிக்கற."

"நீ ஒரு வார்த்தை சொன்னா..."

"சொல்லமாட்டேன். போன்னும் சொல்லமாட்டேன், வேண்டாம்னும் சொல்லமாட்டேன். சொன்னா நாளைக்கு நாங்க முடிவு பண்ணோம்னு சொல்லிட்டுத் திரிவ. நீ போனா நான் ஷிப்ட் மாத்திக் கேப்பேன், அது என் பாடு."

வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு குண்டூசிய அழைச்சுக்கிட்டு வந்தான். நாலரை மணிக்குப் பாலை ஆத்தி முன்னால வெச்சான்.

"குண்டூசி, நாம ஸ்கூல்ல ஆறு மணி வரைக்கும் இருக்கலாமா?"

"நீயும் இருப்பியா?"

"இல்ல."

"அப்ப நாம இல்ல. நான் மட்டும்."

"ஆமா. நீ மட்டும். வாரத்துல மூணு நாள். அப்பா மூணு மணிக்கு வரமாட்டேன், ஆறு மணிக்குத்தான் வருவேன்"னான்.

"ஏன்?"

"நான் படிக்கணும்."

"எனக்குப் பிடிக்கல."

"தெரியும்."

வழக்கமா பிடிக்கலன்னு சொன்னா எதுவா இருந்தாலும் அங்கயே நின்னுடும், மருந்தைத் தவிர. அவளும் அதுக்குத்தான் அவன் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தா.

"அப்புறம்?"ன்னா.

"அப்புறமும் படிக்கணும்."

உதட்டைப் பிதுக்கிக்கிட்டு செவுத்துப் பக்கம் திரும்பி உக்காந்துட்டா. பாலைத் தொடல. அவன் கெஞ்சல. உள்ள போயி கடைசி வரியோட வாலைத் திருத்தி, மேல இருந்து ஒரு தடவை படிச்சுப் பாத்து அனுப்பிட்டான். மணி நாலே முக்கால்.

வந்து பாத்தா பால் மேல ஆடை படிஞ்சிருந்துச்சு. குண்டூசி இன்னும் செவுத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தா.

"சூடு பண்ணித் தரவா?"

"ம்"னா, திரும்பாமலேயே.