நேற்று விழுந்த கோல்

கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள அந்த ஊர் மைதானத்தில், ஹாக்கி மட்டையைத் திருப்பிப் பிடித்து பேக்ஹேண்டில் அடித்தால் பந்து முந்தின நாள் போய் விழும். நேராக அடித்தால் அன்றைக்கே விழும். இதில் யாருக்கும் குழப்பம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சிறுமியர் இறுதிப் போட்டி முடியப்போகும் நேரத்தில், யாருமே அடிக்காத பந்து ஒன்று எதிரணியின் கோலுக்குள் வந்து விழுந்தது. நடுவர் விசில் ஊதினார். அருள்செல்வியின் பிள்ளைகளுக்குக் கோப்பை கிடைத்தது. ஆனால் திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் அந்தப் பந்தை அணியில் ஒருத்தி அடித்தாக வேண்டும். இல்லையென்றால் கோப்பை எதிரணிக்குப் போய்விடும்.

அருள்செல்வி பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று வந்தவள். அன்றிலிருந்து இந்தப் பிள்ளைகளுக்கு ஹாக்கி பழக்குகிறாள். சின்ன மணிக்கட்டு பேக்ஹேண்டுக்குத் தாங்காது என்று ஊரே சொன்னது. என் பிள்ளைகளுக்குத் தாங்கும் என்று இவள் மூஞ்சிக்கு நேரே சொல்லியிருந்தாள். கோப்பை போனால் அணியும் வேறு ஆள் கைக்குப் போகும்.

திங்கள் சாயங்காலம் போட்டிச் செயலாளர் வேல்ச்சாமி கோப்பையைக் கொண்டுபோக ஒரு கட்டைப்பையோடு வந்து, கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக அடித்தார்கள். எல்லாரும் ஒரே தப்பைச் செய்தார்கள். மட்டையைத் திருப்பாமல் தாங்கள் திரும்பிக்கொண்டார்கள். ஆள் திரும்பினால் அது நேர் அடிதான். பந்துகளெல்லாம் இன்றைக்கே உருண்டு கிடந்தன.

மிச்சம் இருந்தவள் தங்கமாரி. அணியிலேயே குட்டை.

"அக்கா, நான் நேத்து வெளியதான உக்காந்திருந்தேன்."

"அது நேத்து. இன்னிக்கு நீதான் ஆடுத. மட்டையத் திருப்பு, நீ திரும்பாத. நல்லாக் குனி. விரல் மண்ணுல தேயணும்."

"தேஞ்சா எரியுமே?"

"எரியும். அடி."

வேல்ச்சாமி பையை விரித்தார். தங்கமாரி குனிந்தாள். மட்டையின் மூக்கு தரையைப் பார்த்தது. இடது காலுக்கு முன்னால் இருந்த பந்தில் விளிம்பு பட்ட சத்தம் கேட்டது. பந்து அங்கே இல்லை.

வேல்ச்சாமி பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார்.

"என் பிள்ளை," என்றாள் அருள்செல்வி. அவளுக்கு அப்போது பதினேழு வயது.

தங்கமாரி விரலை ஊதிக்கொண்டே இன்னொரு பந்து கேட்டாள். இந்தத் தடவை ரொம்பப் பலமாக அடித்துவிட்டாள். பந்து நேற்றோடு நிற்கவில்லை.

இருட்டுவதற்குள் பக்கத்து ஊர் பஸ்ஸிலிருந்து தலை நரைத்த பெண்கள் சிலர் இறங்கி வந்தார்கள். ஒருத்தி முந்தானையால் மூடி ஒரு கோப்பை வைத்திருந்தாள். தாங்கள் பாவாடை கட்டி ஆடிய காலத்தில், இந்த மைதானத்தில் தங்கள் கோலுக்குள் ஒரு பந்து வந்து விழுந்ததாம். மறுநாள் அடிக்க ஆள் வராததால் கோப்பை தங்களிடமே நின்றுவிட்டதாம்.

"இப்பத்தான் அடிச்சிருக்காக. பிடிங்க," என்று அவள் கோப்பையை நீட்டினாள்.

அருள்செல்வி வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கறுத்துப்போயிருந்தது. புளி போட்டுத் தேய்க்கச் சொல்லி தங்கமாரியிடம் கொடுத்தாள்.