ஏழாம் குழியின் கோணல் பட்டைகள்

கோல்ஃப் மைதானத்தில் அவரை எல்லோரும் ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கயிறு கட்டாமல், குச்சி நடாமல் புல் வெட்டினாலும் அவர் கோடு நூல் பிடித்தது மாதிரி விழும். அதில் அவருக்குப் பெருமையும் தலைக்குமேல் உண்டு. குளிர் விலகிப் புல் துளிர்த்ததும், இந்த வருடம் ‘கிரீன்’களை, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகளை, அவர் பொறுப்பில் விடலாம் என்று சூப்பர்வைசர் அம்மா சொல்லியிருந்தார். பதினோரு வருடமாக வெளிப்புல்லையே வெட்டிச் சலித்தவருக்கு அதன் மேல் கொள்ளை ஆசை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஏழாம் குழிப் புல்வெளி காலை வாரிவிட்டது. கரும்பச்சையில் ஒரு பட்டை, வெளிறிப்போய் ஒரு பட்டை, அதுவும் கோணல்மாணலாக. முதல் போட்டிக்கோ இன்னும் பதினைந்து நாள்தான்.

பார்த்ததுமே ஸ்கேலுக்குக் காரணம் புரிந்துவிட்டது. அங்கே உரம் போட்டது அவரேதான். உரம் தூவும் வண்டியைப் பனி காய்வதற்குள் தள்ளிவிட வேண்டும். ஈரப் புல்லில் சக்கரத் தடம் தெரியும். அதை ஒட்டியே அடுத்த நடை போடலாம். அன்றைக்கு அவர் ஷெட் வாசலில் நின்று, கண்ணைக் கட்டி விட்டாலும் நேராகப் போவேன் என்று கதை அளந்துகொண்டிருந்தார். வெயில் ஏறிப் பனி போய்விட்டது. நமக்கெதற்குத் தடம் என்று குத்துமதிப்பாகத் தள்ளிவிட்டார். புல் அன்றைக்கே வாய் திறக்காது. பத்து நாள் பொறுத்து ஊரறியச் சொல்லும்.

வண்டி அடைத்துக்கொண்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் வண்டிகளைப் பராமரிக்கும் மெக்கானிக் அவர் மனைவியின் தம்பி. பழி அவன் தலையில் விழும். உண்மையைச் சொன்னாலோ கிரீன் கைநழுவும். போதாக்குறைக்கு மச்சினன் வாயில் ஆயுசுக்கும் விழ வேண்டும். சின்ன விஷயம் கிடைத்தாலே வருடக்கணக்கில் மெல்லுகிறவன் அவன்.

ஒரு டீயைக் குடித்துவிட்டு, வருவது வரட்டும் என்று சூப்பர்வைசர் அறைக்கு நடந்தார். அங்கே மச்சினன் முன்னாடியே கிரீஸ் கையோடு நின்றிருந்தான்.

“வண்டியைக் கழுவாம விட்டுட்டேன் மேடம். உரம் அடைச்சிருக்கு. மாமா மேல தப்பு இல்ல.”

ஸ்கேல் அவனைத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பயலா இப்படி?

“பொய் சொல்றான் மேடம். வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. பனி போனப்புறம் நான்தான் குத்துமதிப்பா தள்ளினேன்.”

“மாமா, சும்மா இருங்க.”

“நீ சும்மா இருடா.”

சூப்பர்வைசர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “வண்டி அடைச்சிருந்தா பட்டை நேரா விழும். இது பாம்பு மாதிரி நெளிஞ்சிருக்கு. காலையிலேயே பாத்துட்டேன். யாராவது வந்து சொல்றாங்களான்னுதான் உக்காந்திருந்தேன். ரெண்டு பேர் வந்து தப்புக்குச் சண்டை போடுவீங்கன்னு நினைக்கல.” சிரிப்பை அடக்கிக்கொண்டார். “நாளைக்குப் பனி காயறதுக்குள்ள, வெளுத்த இடத்துக்கு மட்டும் உரம் போடுங்க. கிரீன் உங்களுக்குத்தான். அங்க தப்பு நடந்தா மறைக்காம வந்து சொல்ற ஆள்தான் எனக்கு வேணும்.”

மறுநாள் மச்சினன் முன்னால் நடந்து வெளுத்த இடங்களைக் காட்ட, ஸ்கேல் பின்னால் வண்டியைத் தள்ளினார். போட்டிக்கு முந்தின நாள் புல்வெளி முழுக்க ஒரே பச்சை. அவருக்கு மனசு நிறைந்துபோனது.

அன்று மாலை சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி கேட்டார். “என்ன, ரெண்டு பேரும் இப்பல்லாம் ஒண்ணாவே சுத்துறீங்க?”

மச்சினன் வாயைத் திறந்தான். தொலைந்தோம் என்று ஸ்கேல் தலையைக் குனிந்துகொண்டார்.

“வண்டில ஒரு சின்னக் கோளாறு, அக்கா,” என்றான் அவன்.

ஸ்கேல் நிமிர்ந்தார். வண்டியில் அல்ல, தன் நடையில்தான் கோளாறு என்று ஆரம்பித்து, ஷெட் வாசலில் அளந்ததிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தார். மச்சினன் மட்டும், மாமாவைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாதென்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சிரிடா மாப்ளே,” என்றார் ஸ்கேல். “உனக்காகத்தானே சொல்றேன்.”