மாமியாரின் எண்

பதினேழாம் எண் உறையைப் பிரித்தேன். மருத்துவ நிலையத்தின் பின்னறையில், மாதிரிகள் வைக்கும் குளிர்ப்பெட்டிமேல் காகிதத்தை விரித்து இரண்டாம் முறை படித்தேன். இரத்தத்தில் ஈயம் ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும். இவருக்குப் பத்தொன்பது. ஊரிலேயே இதுதான் அதிகம். பதினேழாம் எண் யாரென்று எனக்குத் தெரியும். என் மனைவி நெரிடாவைப் பெற்றவர்.

அவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க, ஊரார் இரத்தத்தைச் சோதிக்க வந்த பல்கலைக்கழகம் தேவையில்லை. நான்தான் கொடுத்தேன். வேட்டைக்குப் போகிறவன் கொழுத்த வாத்தை முதலில் மாமியாருக்கு அனுப்ப வேண்டும். அது எங்கள் பழங்குடிச் சட்டம். மற்ற மருமகன்கள் ஒன்றிரண்டு அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார்கள். நான் இருபத்திரண்டு வருடமாக ஒரு பருவத்தையும் தவறவிட்டதில்லை. "மருமகன்னா கிளைவ் மாதிரி இருக்கணும்" என்று கடை வாசலில் பெண்கள் பேசுவது காதில் விழும்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறேன். நான் அனுப்பிய ஒவ்வொரு வாத்திலும் ஈயக் குண்டு இருந்தது.

நேராகப் போய்ச் சொல்லவும் வழியில்லை. எங்களில் மாமியாரும் மருமகனும் பேசக் கூடாது. முகம் பார்க்கக் கூடாது, பெயரைச் சொல்லக் கூடாது. பகை ஒன்றும் இல்லை, மரியாதை. இத்தனை வருடத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. பேசினால்தானே சண்டை!

வழக்கமாக எதுவானாலும் நெரிடா வழியாகப் போகும். இது அப்படிப் போக முடியாது. அவரவர் சோதனை முடிவை அவரவரிடம் மட்டும், எங்கள் மொழியில், எங்கள் ஆள்தான் சொல்ல வேண்டும், பெற்ற பிள்ளைக்குக்கூடத் தெரியக் கூடாது என்பது விதி. பல்கலைக்கழகம் போட்ட விதி என்றால் வளைத்திருப்பேன். முன்பு ஒருமுறை வேறு யாரோ ஆராய்ச்சி என்று வந்து எல்லோருடைய இரத்தக் கணக்கையும் பெயரோடு கடைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. அதனால் இந்த முறை விதியை எழுதச் சொன்னதே நாங்கள்தான். மேசையைக் குத்திக் குத்திப் பேசியவன் நான்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் மரியேன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் போய்ச் சொல்லட்டுமா, கிளைவ்?" என்றாள்.

"எங்க பாஷையில ஈயத்துக்கு என்னன்னு சொல்லுவ?"

"தெரியாது."

"எங்களுக்கே தெரியாது. மூணு நாள் உக்காந்து யோசிச்சுத்தானே 'எலும்புக்குள்ள போய்ப் படுத்துக்குற பாரம்'னு ஒண்ணு வச்சோம்? அத நீ சொன்னா சிரிப்பாங்க."

"அப்ப கோரலி வரட்டும்." கோரலிதான் என்னைப் போல முடிவு சொல்லப் பயிற்சி எடுத்த இன்னொருத்தி.

"அவ சாவு வீட்டுக்குப் போயிருக்கா. வர மூணு வாரம் ஆகும். நேத்து நான் பதினாலு வாத்து சுட்டேன், மரியேன். நாலு அங்க போயிருச்சு."

நான் உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

மாமியார் தன் வீட்டுக்குப் பின்னால், மாமரத்தடியில் இறகு பிடுங்கிக்கொண்டிருந்தார். தனியாகத்தான் இருந்தார். நான் கொஞ்ச தூரத்திலேயே நின்று இருமினேன். பிறகு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தேன். அவருடைய நாய் டீசல் வந்து என் காலடியில் படுத்தது. மிகவும் அவசரம் என்றால் எங்களில் இப்படி ஒரு வழி உண்டு. நாயிடம் பேசினால் மாமியாரிடம் பேசியதாகாது. விதியும் உடையவில்லை, அதை எழுதிய படிவத்தில் நாயைப் பற்றி ஒன்றும் இல்லை.

"டீசல், ஒரு விஷயம் கேளு," என்றேன். இறகு பிடுங்கும் சத்தம் நின்றது. "ஒருத்தங்க ரத்தத்துல பாரம் ஏறியிருக்கு. எலும்புக்குள்ள போய்ப் படுத்துக்குற பாரம். அஞ்சுக்குள்ள இருக்கணும், பத்தொன்பது இருக்கு. கை நடுங்குறது, தூக்கம் வராதது எல்லாம் அதனாலகூட இருக்கலாம். அது வாத்துல இருக்குற குண்டுலருந்து வருது. சுட்டவன் ஒரு மடையன், டீசல். அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டான். இனிமே மீன் கொண்டாருவான். இந்த நாலையும் திங்க வேணாம்."

குரல் உடைந்துவிட்டது. நாய் என்னை ஒரு மாதிரி பார்த்தது.

பிறகு எனக்குப் பின்னால், இத்தனை வருடத்தில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மட்டுமே நான் கேட்டிருந்த குரல் வந்தது.

"டீசல், யாருடா அங்க அழுவுறது? ஆம்பளைக்கு இது அழகா? எங்க வீட்டுக்கு வந்த வாத்த நான் குப்பையில போட்டேன்னு நாளைக்கு எவளும் வாய் கிழியப் பேசக் கூடாது. அனுப்புனவன் பேரு கெட்டுப் போயிரும். குண்டுதானே? எடுத்துட்டாப் போச்சு."

தகர மூடியில் ஏதோ விழுந்தது. டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. திரும்பாமலே தெரிந்தது. இறைச்சிக்குள் விரலை விட்டுத் துழாவி, குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். குண்டு பாயும்போது உதிர்கிற ஈயத் தூள் கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குச் சிக்காது. இறைச்சிக்குள் பரவியிருக்கும்.

"டீசல்," என்றேன் அவசரமாக.

காலடியில் நாயைக் காணோம். குடல் வாசனைக்கு அது அவர் பக்கம் போய்விட்டிருந்தது. "டீசல், இங்க வா," என்று மண்ணைத் தட்டினேன், நாக்கைச் சொடுக்கினேன். அது வரவில்லை. அதைப் பார்த்துப் பேச நான் திரும்பினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பேச எதிரே யாருமில்லாமல், வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். பின்னால் தகர மூடியில் குண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன.